செங்காந்தள் விதை முளைக்கவில்லை என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்

வணக்கம் டீச்சர். பென்னாகரத்துக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் நிலத்து வேலியில் படர்ந்திருந்த செங்காந்தளிலிருந்து மார்கழியில் நாலு காய் பறித்து, தை பிறந்ததும் நாற்பது விதையை நாலு தொட்டியில் ஊன்றியிருக்கிறீர்கள். பங்குனி முடியப்போகிறது, ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. விதை சொத்தையா, உப்புத்தாளில் தேய்த்து மறுபடி போடலாமா, காட்டிலிருந்து கிழங்கையே தோண்டி வந்துவிடலாமா, வருகிற கார்த்திகைக்குப் பள்ளிக்கூடத்து வேலியில் பூக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் விதை. அதில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. இன்னும் அதன் நேரம் வரவில்லை, அவ்வளவுதான். காந்தள் விதை காயிலிருந்து வந்தவுடன் முளைக்கிற ஜாதி இல்லை. ஓடு கெட்டியானது, ஆறு முதல் ஒன்பது மாதம் வரை உறங்கும். உறக்கம் தெளிந்த பிறகும் ஈரம் பட்டதிலிருந்து முளை வெளியே தெரிய மூன்று வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். மார்கழியில் பறித்ததை வைத்து நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆனி கடைசியில் தொடங்கி ஐப்பசி வரைக்கும் ஒவ்வொன்றாக எழுந்து வரும். ஒரே நாளில் நாற்பதும் வராது. ஒரே காயின் விதைகளே ஒன்று ஆடியிலும் இன்னொன்று புரட்டாசியிலும் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

இதில் செடியின் பக்கம் நியாயம் இருக்கிறது. மார்கழி, தையில் காய் வெடித்து விதை கீழே விழுகிறது. அதற்குப் பிறகு நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நாலைந்து மாதத்துக்கு மண்ணில் என்ன ஈரம் இருக்கும்? அப்போதே முளைத்தால் சித்திரை வெயிலில் கருகிப்போகும். அதனால் கோடையை விதைக்குள்ளேயே கழித்துவிட்டுத் தென்மேற்குப் பருவமழையோடு எழுகிறது. ஆடிப்பட்டம் நமக்குத் தெரிவதற்கு முன்பே இந்தக் கொடிக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே தொட்டிகளைத் தொடாதீர்கள். கிளறிப் பார்க்காதீர்கள். மர நிழலில் தரையோடு வைத்து, மேலே புங்க இலையோ மா இலைச் சருகோ ஒரு விரல் கனத்துக்கு மூடி, நாலைந்து நாளுக்கு ஒருமுறை கையால் தெளித்தால் போதும். தினமும் ஊற்றினால் விதை உள்ளேயே அழுகும். முடிந்தால் போர் தண்ணீரைத் தவிருங்கள். நம் மாவட்டத்து நிலத்தடி நீரின் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா, புளோரைடு கிடப்பதால்தானே ஒகேனக்கல் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர வேண்டி வந்தது. செடிக்கு புளோரைடைவிட உப்புதான் தொந்தரவு. மாதக்கணக்காக ஒரே தொட்டியில் ஊற்றினால் மேல்மண்ணில் வெள்ளை பூத்துவிடும். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைக் கொடுங்கள்.

உப்புத்தாள் யோசனையை விட்டுவிடுங்கள். தேய்த்தால் தண்ணீர் சீக்கிரம் உள்ளே போகும் என்பது சரி. ஆனால் இந்த விதையின் தூள் மூக்கிலோ கண்ணிலோ படக் கூடாது. ஏன் என்பதைப் பள்ளிக்கூடத்துப் பேச்சு வரும்போது சொல்கிறேன்.

அடுத்த மார்கழிக்கு நீங்கள் மறுபடி காய் பறித்தால் செய்ய வேண்டிய முறை இது. காய் பச்சையாக, கெட்டியாக இருக்கும்போது பறிக்க வேண்டாம். தோல் சுருங்கி, நிறம் மங்கி, ஓரத்தில் பிளவு தெரியத் தொடங்கும்போது பறித்து நிழலில் போட்டால் இரண்டு மூன்று நாளில் தானே வெடிக்கும். உள்ளே மாதுளை முத்துபோல் சிவப்பு உருண்டைகள் வரிசையாக இருக்கும். அந்தச் சிவப்பு மேல்தோல் சதைப்பற்றுள்ளது, அப்படியே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் உலர்த்தித் துணிப்பையிலோ காகித உறையிலோ போட்டு, வருஷத்தை எழுதி, காற்றாடும் இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் வியர்த்துவிடும். வைகாசி கடைசியில் எடுத்து ஒரு நாள் முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு மணலோடு சேர்த்துக் கசக்கினால் மிச்சத் தோல் கழன்றுவிடும். ஊறிய பிறகும் மிதப்பதை ஒதுக்கிவிடலாம். பெரும்பாலும் உள்ளே ஒன்றும் இருக்காது.

இப்படி வைத்திருந்து ஆனியில் ஊன்றுவதில் ஒரு சவுகரியம், விதை உறங்குகிற காலம் உறையிலேயே போய்விடுகிறது. தொட்டியைக் கோடை முழுக்கக் காவல் காக்க வேண்டாம். எறும்பு, எலி, பக்கத்து வீட்டுக் கோழி என்ற பயம் இல்லை.

மண்ணைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. நம் செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ இலை மக்கோ ஒரு பங்கு. தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் இறங்க வேண்டும், அதுதான் கணக்கு. தென்னை நார்க்கழிவை மட்டும் போட்டு நிரப்பிய பை வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் வாரக்கணக்காக ஈரத்தைப் பிடித்து வைத்துக் கிழங்கை அழுக வைத்துவிடும். அகலத்தைவிட ஆழம் முக்கியம். ஒரு அடி ஆழமுள்ள குரோ பேக் எடுத்து, அரை அங்குல ஆழத்தில், நாலு விரல் இடைவெளியில் ஊன்றுங்கள். மூன்று வருஷத்துக்குக் குடிபோகிற வீடு என்று நினைத்துக்கொண்டு பையைத் தேர்ந்தெடுங்கள்.

இனி நான் செய்த தவறு. விதையிலிருந்து காந்தள் வளர்க்க முயன்று கைவிட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதைத்தான் செய்திருப்பார்கள் என்று என் ஊகம்.

தேன்கனிக்கோட்டையில் நர்சரி போட்ட புதிதில் ஒரு தட்டு நிறைய விதை போட்டேன். ஆவணியில் புல் முளைத்தமாதிரி ஒல்லியாக முளைகள் வந்தன. நாலைந்து இலை விட்டு ஒரு சாண் உயரம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. பற்றிக்கொள்ளும் சுருள் இல்லை, படரவில்லை. காந்தள் இலையின் நுனிதானே சுருண்டு பிடித்துக்கொள்ளும்? அந்தச் சுருள் கீழ் இலைகளுக்கு வராது, கொடி உயர்ந்த பிறகுதான் வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கார்த்திகையில் எல்லாக் கொடியும் பூத்து நிற்க, என் தட்டில் இருந்தவை மஞ்சளாகி, மார்கழியில் காய்ந்து சருகாகிவிட்டன. தண்ணீர் குறைந்துவிட்டது போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன். தை முடிய ஒன்றும் தழையவில்லை. எல்லாம் பட்டுப்போச்சு என்று தட்டைக் கவிழ்த்து மண்ணைக் குப்பைக்குழிப் பக்கம் கொட்டிவிட்டேன்.

அடுத்த ஆடியில் குப்பைக்குழி ஓரத்தில் ஏழெட்டுக் கொடி எழுந்தது. போன வருஷத்து முளையைவிடத் தடிப்பாக, இலைநுனியில் சுருளோடு. மண்ணைக் கிளறியபோது புரிந்தது. ஒவ்வொரு நாற்றும் காய்வதற்கு முன்னால் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கிழங்கைக் கீழே வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறது. நான் தண்ணீர் ஊற்றி அழுக வைத்தது போக, தப்பியது அந்த ஏழெட்டு.

முதல் வருஷத்தில் காந்தளுக்கு மேலே வேலை இல்லை, எல்லா வேலையும் மண்ணுக்கடியில் நடக்கிறது. இலை சம்பாதிப்பதையெல்லாம் கிழங்கில் போட்டுவைத்துவிட்டு, மழை முடிந்ததும் மேல்பாகத்தை உதிர்த்துவிடும். வளர்ந்த கொடியும் இதையேதான் ஒவ்வொரு வருஷமும் செய்கிறது. போன வருஷத்துக் கிழங்கு அந்தப் பருவத்துச் செலவுக்குக் கரைந்து சுருங்கிப்போகும், பக்கத்தில் புதுக்கிழங்கு உருவாகும். முதிர்ந்த கிழங்கு இரண்டு கையாகப் பிரிந்து ஏர்க்கலப்பை வளைவில் இருக்கும், கலப்பைக் கிழங்கு என்ற பேர் அதனால்தான். எனவே இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்துங்கள். பையை மழை படாத இடத்தில், தாழ்வாரத்து மூலையிலோ மாட்டுக்கொட்டாய் ஓரத்திலோ வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். நனைக்க வேண்டாம், தோண்டிப் பார்க்கவும் வேண்டாம். வைகாசியில் முதல் நல்ல மழை பெய்ததும் வெளியே எடுத்து வையுங்கள். பை மேல் சாக்பீஸில் எழுதினால் அழிந்துவிடும். விதை போட்ட வருஷத்தைப் பெயிண்டால் எழுதுங்கள். இல்லையென்றால் வீட்டில் யாராவது வெறும் மண் என்று நினைத்துக் கீரை விதைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் நடந்தது.

இரண்டாம் வருஷம் முழங்கால் உயரம், கிழங்கு விரல் நீளம். மூன்றாம் வருஷம் கொடி ஆளுயரம் போகப் பார்க்கும், ஒன்றிரண்டு பூவும் வரலாம். நாலாம் வருஷம் நிச்சயமாக எதிர்பார்க்கலாம். இப்போது உங்களிடம் ஆறாம் வகுப்பு படிக்கும் பிள்ளை ஒன்பதுக்கோ பத்துக்கோ போகும்போது இந்த விதை பூக்கும். வருகிற கார்த்திகைக்கு வாய்ப்பில்லை.

கொடி ஏற ஏதாவது வேண்டும். காட்டில் இது சூரைமுள், காரைச் செடி, உண்ணிப் புதர் மேலெல்லாம் ஏறிப் போகிறது. கீழே நிழல், வேரில் சருகு, தலைக்கு மேலே வெயில், இதுதான் அதற்குப் பிடித்த இடம். மேலகிரி மலைப்பக்கம் காட்டோரத்து வேலிகளில் இதை அதிகம் பார்ப்பதும், நடுக்காட்டு அடர்நிழலில் குறைவாகப் பார்ப்பதும் இதனால்தான். வீட்டில் முள்கிளுவைக் குச்சி நாலு ஊன்றினால் போதும். அதுவும் வேர்பிடித்துத் தழைத்துக் கொடிக்கு உயிர்த்தாங்கலாக நிற்கும். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதை ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறவர்களும் முள்கிளுவையைத்தான் நடுகிறார்கள்.

பூச்சி என்று பார்த்தால் ஒரே ஒரு எதிரியைச் சொல்லியாக வேண்டும். கறுப்பு உடம்பில் வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் புள்ளி வைத்த ஒரு புழு மழைக்காலத்தில் வரும். ஆடு மாடு தின்றால் செத்துப்போகிற இலையை இது அலட்டிக்கொள்ளாமல் தின்று இரண்டு நாளில் கொடியை மொட்டையாக்கிவிடும். பெரிய கொடி தாங்கும். ஆனால் நாலு இலை மட்டுமே இருக்கிற முதல் வருஷ நாற்றில் விழுந்தால் அந்த வருஷத்துக் கிழங்கு போச்சு. காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். குச்சியால் தட்டி எடுப்பதே போதும், அதிகமானால் வேப்பெண்ணெய்க் கரைசல்.

கிழங்கைத் தோண்டி வரும் யோசனைக்கு வருகிறேன். வேண்டாம். நீங்கள் சொல்லும் காட்டில் பெரும்பகுதி காப்புக்காடு, 2014-ல் காவேரி வடக்கு வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதியும் அந்தப் பக்கம்தான். அங்கிருந்து செடியைப் பிடுங்குவது சட்டப்படி குற்றம். மாநில மலரை வளர்க்கப் போய் வனத்துறையிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். சட்டத்தை விடுங்கள், பயிர் கணக்கிலும் அது நஷ்டம்தான். அந்தக் கலப்பைக் கிழங்கின் ஒவ்வொரு கைக்கும் நுனியில் ஒரே ஒரு முளைக்கண்தான் உண்டு. உருளைக்கிழங்குபோல் உடம்பெல்லாம் கண் கிடையாது. கிழங்கோ மண்ணில் ஆழமாகப் போய்க் கல்லிடுக்கில் சொருகி இருக்கும், தொட்டால் முறிகிற ஜாதி. கடப்பாரை போட்டால் நுனிதான் முதலில் உடையும். நுனி போன கிழங்கு மண்ணில் கிடந்து மக்குமே தவிர முளைக்காது. காட்டுக்கும் போச்சு, உங்களுக்கும் இல்லை.

அவசரம்தான் என்றால் பயிர் செய்கிற விவசாயியிடமோ நர்சரியிலோ கிழங்கு விலைக்கு வாங்குங்கள். ஐம்பது கிராமுக்குக் குறையாத, நுனி உடையாத கிழங்காகப் பார்த்து ஆனி, ஆடியில் நட்டால் அதே வருஷம் பூக்கும். அந்த விவசாயிகள் யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை, எல்லாம் கிழங்கு நடவுதான். அவர்களுக்கு விதைதான் மகசூல், மருந்துக் கம்பெனிக்கு விற்பது. நீங்கள் தொட்டியில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்களே, அதை எடை போட்டு விற்றுத்தான் அங்கே குடும்பம் நடக்கிறது.

அப்படியானால் விதையிலிருந்து ஏன் வளர்க்க வேண்டும்? என் காரணம் ஒன்றுதான். கிழங்கு வாங்கி நட்டால் அது எந்த ஊரிலிருந்தோ வந்த செடி. நீங்கள் பறித்தது பென்னாகரத்து வெயிலுக்கும் அந்த வேலியின் மண்ணுக்கும் பழகிய கொடியின் பிள்ளை. அந்த வேலியை நாளைக்கு ஜேசிபி வைத்து எடுத்துவிட்டுக் கம்பிவேலி போடுவார்கள், இப்போது ஊரெல்லாம் அதுதான் நடக்கிறது. அப்போது அந்த இனத்தில் மிச்சம் உங்கள் தொட்டியில் இருக்கும். நாலு வருஷம் பொறுக்க இது எனக்குப் போதுமான காரணமாகப் படுகிறது. உங்களுக்கு எப்படியோ.

இப்போது பள்ளிக்கூடம். இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் கை படுகிற இடத்தில் இதை வைக்காதீர்கள். இலை, தண்டு, பூ, கிழங்கு, விதை எல்லாவற்றிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். கீல்வாதத்தில் கவுட் என்ற வகைக்கு இதையே மிகச் சிறிய அளவில் மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து போக விடாமல் இது தடுத்துவிடும். செடி ஆராய்ச்சியில் குரோமோசோமை இரட்டிப்பாக்கப் பயன்படுத்துவதும் இதனால்தான், அறிவியல் டீச்சரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே வேலையை மனித உடம்பில் செய்தால் குடல், எலும்பு மஜ்ஜை என்று செல்கள் வேகமாகப் பிரிகிற இடமெல்லாம் முதலில் அடிபடும். பிழைத்தவர்களுக்குக்கூட ஒன்றிரண்டு வாரத்தில் முடி கொத்தாகக் கொட்டியிருக்கிறது.

நம் பக்கம் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் பிள்ளைகளுக்குப் பழக்கமான தின்பண்டம். தோண்டும்போது கிடைக்கிற வெளிர்நிறக் கிழங்கை ஒரு பிள்ளை கடித்துப் பார்க்காது என்று எப்படிச் சொல்வது? விதையும் மாதுளை முத்துபோல் இருக்கிறது. யாராவது தின்றுவிட்டால் சில மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கும், பிறகுதான் வாந்தியும் பேதியும் தொடங்கும். நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திருக்கக் கூடாது. விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பது, புளி கரைத்துக் கொடுப்பது என்ற கைவைத்தியம் எதுவும் வேண்டாம். தின்ற துண்டின் மிச்சத்தையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பழைய ஆட்கள் இந்தப் பூவைப் பார்த்தாலே கண்வலி வரும் என்று சொல்லிப் பிள்ளைகளை விரட்டினார்கள், கண்வலிக்கிழங்கு என்ற பேரே அதற்குத்தான் வந்தது என்பார்கள். பார்த்தால் கண்வலி வராது. ஆனாலும் அந்தப் பொய்யைச் சொன்ன கிழவிக்கு ஒரு கும்பிடு.

அதனால் உங்கள் வீட்டில், ஆடு நுழையாத, கதவு உள்ள இடத்தில் வளருங்கள். பூக்கும்போது இரண்டு நாளைக்கு ஒரு படம் எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். காட்ட வேண்டிய பூதான். மொட்டு விரியும்போது பச்சை, பிறகு அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, கடைசியில் முழுக்கச் செந்நிறம். ஆறு இதழும் நெளிந்து மேல்நோக்கி மடங்கி நிற்கும். பெண்ணின் விரலைக் காந்தளுக்கு ஒப்பிட்டவர்கள் உட்கார்ந்து பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

பூத்த வருஷம் காய் வேண்டுமென்றால் நீங்களே கொஞ்சம் வேலை செய்ய வேண்டியிருக்கும். இதன் சூல்தண்டு பூவுக்குள் நேராக நிற்காது. அடியிலேயே செங்குத்தாக மடங்கிப் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தப் பைகள் வேறு பக்கம் இருப்பதால் அதே பூவின் தூள் அதன்மேல் விழுவது அரிது. பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ வந்து செட்டை பட்டால்தான் உண்டு. காட்டோரத்தில் அவை வரும், ஊருக்குள் எத்தனை வரும் என்று சொல்ல முடியாது. முருகன் சூடும் காந்தளை வண்டும் மொய்க்காத பூ என்று சங்கப் பாட்டு சொல்வதை நினைத்துக்கொள்வேன். வெயில் ஏறுவதற்கு முன் மெல்லிய பிரஷ்ஷால் ஒரு கொடியின் தூளை எடுத்து இன்னொரு கொடிப் பூவின் சூல்முடி நுனியில் தொட்டு வையுங்கள். மூலனூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் காலையில் ஆட்கள் வரிசையாக இதைத்தான் செய்துகொண்டு போவார்கள்.

கடைசியாக ஒன்று. ஆடி, ஆவணியில் தொட்டியைப் பார்க்கும்போது காந்தள் முளையோடு கோரையும் முளைத்திருக்கும், இரண்டும் முதலில் ஒரே மாதிரிதான் தெரியும். களை பிடுங்குகிறேன் என்று காந்தளைப் பிடுங்கியவர்கள் உண்டு. விரலால் உருட்டிப் பாருங்கள். கோரையின் தண்டு மூன்று பட்டையாக விரலில் இடறும், காந்தள் தண்டு உருண்டையாக வழுக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு வாரம் விட்டுவிடுங்கள், கோரை அதற்குள் பக்கத்தில் இன்னொரு குருத்தை விட்டுத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.